பட்டியலும் படைப்பும்

ஆண்டு பிறந்தவுடன் எழுத்தாளர் பலர் குறிக்கோள் பட்டியல் ஒன்றைத் தீட்டுகின்றனர்: பன்னிரண்டு சிறுகதை, ஒரு நாவல், ஒரு கவிதைத் தொகுதி. ஆண்டு முடியும்போது பட்டியல் மட்டுமே எஞ்சுகிறது. காரணம் கேட்டால், "பணிச்சுமை, உள்ள எழுச்சி வரவில்லை" என்பர். இவ்விரு சாக்குகளும் செல்லா.

ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிராலப் 1834 முதல் 1867 வரை அஞ்சல் துறையில் பணியாற்றியவர். விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேசை முன் அமர்வார். கடிகாரத்தை எதிரே வைத்துக் கால்மணி நேரத்துக்கு 250 சொற்கள் எழுதுவார். எழுதிய பக்கங்களை நாட்குறிப்பில் பதிவார். சோம்பிய நாளை அக்குறிப்பே இடித்துரைக்கும். அவர் எழுதிய நாவல்கள் 47.

அவர் மறைந்தபின் 1883இல் வெளிவந்த தன்வரலாறு இவ்வழக்கத்தை உலகறியச் செய்தது. "இது கலையன்று, கைத்தொழில்" எனத் திறனாய்வாளர் சிலர் முகஞ்சுளித்தனர். ஆயினும் அவருடைய பார்செஸ்டர் நாவல்கள் இன்றும் படிக்கப்படுகின்றன. கடிகாரம் கலையைக் கொல்லும் என்போர் இதற்கு விடை கூறட்டும்.

எண்ணிக்கை தரமாகாது என்பது உண்மையே. ஆனால், எழுதப்படாத பக்கத்தைத் திருத்தித் தரமுயர்த்த எவராலும் இயலாது. ஆகவே, பட்டியல் குற்றமுடையதன்று. நாளும் பொழுதும் குறியாத பட்டியலே குற்றமுடையது.

தமிழாசிரியர் மாணவரிடம் அன்றாடம் வீட்டுப்பாடம் கேட்கின்றனர். அதே கணக்கைத் தம் எழுதுகோலிடமும் கேட்பதன்றோ நேர்மை! "நாவல் ஒன்று" என்னும் வரியை அடித்துவிட்டு, "நாளைக் காலை ஒரு பக்கம்" என்று எழுதட்டும்.