ஆளில்லாத் தீவா? ஆளை விரட்டிய தீவா?

டீகோ கார்சியாவில் நிரந்தரக் குடிகள் எவருமில்லை. இருந்தவர்கள் வந்துபோகும் ஒப்பந்தக் கூலிகள்தான். இதுதான் லண்டன் துரைமார்கள் உலகத்துக்குச் சொன்ன கதை. இந்தக் கதையைச் சொல்லியே ஒரு ஜனசமூகத்தை வேரோடு பிடுங்கி எறிந்தார்கள். ஆலையில் பத்து வருஷம் உழைத்தும் "பதிலி" என்றே பெயர் சுமப்பவனுக்கும், பாட்டன் காலம் முதல் உழுதும் குடிசை மனைக்குப் பாத்தியதை இல்லாதவனுக்கும் இந்தக் கதை புதிதல்ல. ஆகவே முழுவதையும் கேளுங்கள், தோழர்களே!

எண்ணெய்த் தீவு

கன்னியாகுமரிக்குத் தெற்கே ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர் தூரத்தில், இந்து மகாசமுத்திரத்தின் நடுவே சாகோஸ் தீவுக்கூட்டம் இருக்கிறது. அதில் பெரியது டீகோ கார்சியா. பவளப் பூச்சிகள் கட்டிய தீவு அது. மண் ஒரு மெல்லிய வளையம். மொத்தமே சுமார் 30 சதுர கிலோமீட்டர். வளையத்துக்குள் அகன்ற காயல். வடக்கே மட்டும் வாசல். மழை ஏராளம், பெரும் புயல் அரிது. மாலுமிக்கு இதைவிட நல்ல ஒதுக்கிடம் ஏது? அந்தப் பாக்கியமே தீவுக்குச் சாபமாயிற்று!

18-ம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சு முதலாளிகள் இங்கே தென்னந்தோப்புப் போட்டார்கள். மொசாம்பிக்கிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கப்பலேற்றி வந்தார்கள். 1814-ல் மொரீஷியஸோடு சேர்ந்து இத்தீவுகளும் பிரிட்டனின் கைக்கு மாறின. 1835-ல் அடிமை முறை ஒழிந்தது, முதலாளி ஒழியவில்லை. இந்தியாவிலிருந்தும் கூலிகள் போய்ச் சேர்ந்தனர். ஆண்கள் தேங்காய் உரித்தார்கள். பெண்கள் உடைத்துப் பருப்பெடுத்தார்கள். கழுதை பூட்டிய செக்கில் எண்ணெய் ஆடிற்று. 1880-களில் ஆஸ்திரேலியா செல்லும் நீராவிக் கப்பல்கள் இங்கே நின்று நிலக்கரி ஏற்றின.

கெட்டிக்காரனை "எம்டன்" என்கிறோமே, அந்த ஜெர்மன் கப்பலும் இங்கே வந்தது! 1914 செப்டம்பரில் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு, அக்டோபரில் இந்தக் காயலுக்குள் நுழைந்தது. யுத்தம் மூண்ட சேதியே தீவுக்கு எட்டியிருக்கவில்லை. நிலக்கரி ஏற்றிக்கொண்டு, தோட்டத்து மானேஜரின் மோட்டார் படகையும் பழுதுபார்த்துக் கொடுத்துவிட்டுப் போயிற்று. எம்டன் கண்டது ஆளில்லாத் தீவையா?

பேனாமுனையில் நாடு கடத்தல்

1965 நவம்பரில், மொரீஷியஸுக்கு விடுதலை தருவதற்கு முன்பே, பிரிட்டன் சாகோஸைத் தனியே வெட்டி எடுத்துக்கொண்டது. ஈடு 30 லட்சம் பவுன். 1966 டிசம்பரில் ராணுவத் தளம் அமைக்க அமெரிக்காவுக்கு விட்டது. இதற்குப் பிரதியாகப் போலாரிஸ் ஏவுகணைக் கணக்கில் 1 கோடியே 40 லட்சம் டாலர் ரகசியமாகத் தள்ளுபடி!

ஆனால் ஒரு முள் உறுத்தியது. குடிகள் உள்ள காலனி என்றால் ஐ.நா. சாசனப்படி அவர்கள் நலனுக்கு ஜவாப் சொல்லியாக வேண்டும். என்ன வழி? குடிகளே இல்லை என்று எழுதிவிடு! தலைமுறை தலைமுறையாக அங்கே பிறந்து அந்த மண்ணிலேயே புதைக்கப்பட்டவர்களைத் தற்காலிகத் தொழிலாளிகள் ஆக்கிற்று பேனா. டார்சான்கள் என்று ஓர் அதிகாரி அவர்களை ஏளனம் செய்த குறிப்பும் பின்னாளில் அம்பலமாயிற்று.

1967-ல் தோட்டங்களைச் சர்க்கார் விலைக்கு வாங்கியது. வைத்தியத்துக்கு மொரீஷியஸ் போனவர்கள் திரும்பி வரக் கப்பல் மறுக்கப்பட்டது. சாமான் வரத்துக் குறைந்தது. 1971-ல் ஜனங்கள் வளர்த்த நாய்களைக் கொப்பரைக் கொட்டகையில் அடைத்து நச்சுப் புகையால் கொன்றார்கள். பிறகு மனிதர்களைக் கப்பலேற்றினார்கள். 1973-க்குள் எல்லாத் தீவுகளும் காலி. மொரீஷியஸிலும் சேஷெல்ஸிலும் சேரிகளில் தள்ளப்பட்டவர்கள் 1,500 முதல் 2,000 பேர். அவர்கள் விட்டுவந்த மண்ணிலிருந்து 1991-லும் 2003-லும் ஈராக்கையும், 2001-ல் ஆப்கானிஸ்தானத்தையும் தாக்கக் குண்டு விமானங்கள் பறந்தன.

பாதுகாப்பு யாருக்கு?

"தளத்தின் பாதுகாப்பு" என்று சாக்குச் சொல்கிறார்கள். தளத்தில் சமைக்கவும் துடைக்கவும் பிலிப்பைன்ஸிலிருந்து தொழிலாளிகளைக் கொண்டுவந்தார்களே! அவர்களால் வராத ஆபத்து, அங்கே பிறந்தவனால் மட்டும் வந்துவிடுமா? கூலியாக வந்தவன் ஒப்பந்தம் முடிந்ததும் போய்விடுவான். பிறந்தவன் உரிமை கேட்பான். பயம் அதுதான்!

2021 அக்டோபரில் கனடாவுக்குப் புறப்பட்ட படகு பழுதாகி, இலங்கைத் தமிழ் அகதிகள் இதே தீவில் கரையேற்றப்பட்டனர். வேலி போட்ட கூடார முகாமில் மூன்று வருஷம் கிடந்தனர். அது சட்டவிரோதக் காவல் என்று 2024 டிசம்பரில் நீதிமன்றமே சொல்லிற்று. ஆளில்லாத் தீவில் அடைக்க மட்டும் ஆள் தேவை!

துரத்தப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. லிசெத் தலாத், ஷார்லேசியா அலெக்சிஸ் போன்ற பெண்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். போலீசை எதிர்த்து நின்றார்கள். 2000-ல் லண்டன் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2004-ல் ராணியின் உத்தரவு அதைத் தட்டிப் பறித்தது. 2019-ல் சர்வதேச நீதிமன்றம் சாகோஸைப் பிரித்ததே சட்டவிரோதம் என்றது, ஐ.நா. சபையில் 116 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்தவை ஆறே ஆறு. 2025 மே 22-ல் தீவுகளை மொரீஷியஸுக்கு விட்டுத்தர ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆனால் டீகோ கார்சியா மட்டும் 99 வருஷக் குத்தகையில் தளத்துக்கே! மற்றத் தீவுகளில் குடியேற வழி உண்டு. டீகோ கார்சியாவில் பிறந்தவன் டீகோ கார்சியாவுக்குத் திரும்ப வழியில்லை.

இது பாதி நியாயம்கூட இல்லை. உழைத்தவனைத் "தற்காலிகம்" என்று எழுதும் பேனா எங்கே எழுதினாலும் ஒரே பேனாதான். தேங்காய் உரித்த கைகளுக்கு அந்தத் தோப்பு திரும்பி வர வேண்டும். அதுவரை வழக்குத் தீரவில்லை!