ஓடாவியார் மாமா

பெரிய மனிதர்கள் மறைந்தால் பத்திரிகையில் படம் வரும், வீதிக்குப் பெயர் வைப்பார்கள். கைத்தொழில் செய்து பிள்ளைகளை வளர்த்த ஒருவர் மறைந்தால் அந்தியேட்டி வரை ஊர் பேசும். அதன் பிறகு அவர் வீட்டாரின் நினைவில் மட்டும்தான் இருப்பார். இந்த மாதம் அப்படி ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் என் கணவரின் தகப்பனார். திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் அவரை 'ஓடாவியார்' என்றுதான் அழைப்பார்கள். ஓடாவி என்றால் வள்ளம் கட்டும் தச்சர். எனக்கு அவர் மாமா.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் எங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டபோது மாமா கைக்குழந்தை. மீசை அரும்பும் வயதில் கடற்படைத் தளத்துத் தச்சுப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தார். 1957 ஒக்டோபரில் பிரித்தானியர் தளத்தை இலங்கை அரசிடம் கையளித்துப் போனதோடு அந்த வேலையும் போயிற்று. பிறகு கடற்கரையில் ஒரு வயதான ஓடாவியாரிடம் தொழில் பழகினார்.

மாமாவிடம் வரைபடம் எதுவும் கிடையாது. அளவெல்லாம் சாணும் முழமுமாக மனதுக்குள்ளேயே இருக்கும். முதலில் ஏராவை வைத்து, அதன் மேல் பலகை ஏற்றுவார். உள்ளே வைக்கும் வங்குகளுக்கு இயற்கையாகவே வளைந்த பூவரசங் கிளைகளைத் தேடித் திரிவார். நேரான மரத்தை வளைவாக வெட்டினால் நார் அறுந்து பலம் போய்விடும் என்பார். பலகைகளின் இடைவெளியில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்துப் பார்ப்பதற்கு அவருக்குக் கண்கூடத் தேவையில்லை. கொட்டாப்புளியின் சத்தத்தை வைத்தே பஞ்சு இறுகிவிட்டதா என்று சொல்லிவிடுவார்.

எங்கள் பக்கத்தில் வாடைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும். வள்ளங்களைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது அப்போதுதான். நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த இரண்டாம் வருடம் ஒருவர் வள்ளத்தைக் கொண்டுவந்தார். அடிப்பலகை இரண்டு உக்கிப் போயிருந்தது. பலகை மாற்றப் பணமில்லை, மேலால் பூசி அடைத்துத் தந்தால் போதும் என்றார். மாமா மறுத்துவிட்டார்.

"பூசித் தரலாம் தம்பி. நடுக்கடலில பலகை விட்டா உன்ர பெஞ்சாதிக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

கூலியைப் பிறகு வாங்குகிறேன், பலகைக் காசை மட்டும் தா என்றும் சொல்லிப் பார்த்தார். வந்தவர் கோபித்துக்கொண்டு வேறிடம் போய்விட்டார். அந்த மாதம் மச்சாளின் படிப்புச் செலவுக்கு அந்தக் கூலியைத்தான் நம்பியிருந்தோம். மாமி ஒரு சொல்லும் சொல்லாமல் காப்பைக் கழற்றி அடகுக்குக் கொடுத்தனுப்பினார். மாமாவின் தொழில் நேர்மையை ஊர் புகழும்போதெல்லாம் எனக்கு மாமியின் அந்த வெறுங்கைதான் நினைவுக்கு வரும். ஒரு வீட்டில் ஒருவர் நேர்மையாக இருக்க மற்றவரும் அதன் விலையைச் சேர்ந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

மாமா அதை மறக்கவில்லை. கிடைத்த கூலியை எண்ணாமல் அப்படியே மாமியின் கையில் கொடுப்பார். அடுத்த சோளகத்துக்குள் காப்பு திரும்பி வந்தது. பின்னாளில் மாமிக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனது. மாமா வாசற்படியைச் செதுக்கித் தாழ்த்தினார். அறையிலிருந்து கிணற்றடி வரைக்கும் மாமியின் கை உயரத்தை அளந்து கைப்பிடிக் கட்டை போட்டார். தும்பு ஏறாமல் அதை எத்தனை நாள் தேய்த்தார் தெரியுமா? மாலையில் மாமிக்குத் தலைவாரிப் பின்னிவிடுவதும் அவர்தான். ஆம்பிளை செய்கிற வேலையா என்று கேட்டவர்களுக்கு, "கயிறு திரிக்கத் தெரிஞ்சவனுக்குப் பின்னத் தெரியாதே?" என்று சிரிப்பார்.

2004 டிசம்பர் 26 கடல்கோளில் கரையில் கிடந்த வள்ளங்கள் உடைந்து போயின. நிவாரணமாக வந்தவற்றில் பெரும்பாலானவை கண்ணாடியிழைப் படகுகள். அவற்றால் தொழிலாளர் பிழைத்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாமாவைத் தேடி வருவோர் குறைந்துவிட்டார்கள். அப்போது என் மகள்தான் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏரா எத்தனை முழம், வங்குக்கு வங்கு எத்தனை சாண் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று மாமா கேட்கவில்லை. எழுதியதைத் திருப்பி வாசிக்கச் சொல்லித் திருத்தினார்.

இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் எங்கள் ஊரின் பெயர் கொண்ட பழைய போர்க்கப்பல் ஒன்று இன்றும் மிதக்கிறது. 1817இல் மும்பையில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. அதைக் கட்டிய தலைமைத் தச்சர் ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா. இருநூறு ஆண்டு கழிந்தும் அவர் பெயர் நிற்கிறது, யாரோ எழுதி வைத்ததால். எங்கள் கரையில் வள்ளம் கட்டியவர்களின் பெயரை எந்த அரசாங்கப் புத்தகமும் எழுதப் போவதில்லை. அந்த வேலை நம்முடையது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு தச்சரோ, கொல்லரோ, மேசனோ, தையல்காரரோ முதுமையில் உட்கார்ந்திருக்கலாம். பேரப்பிள்ளையிடம் கொப்பியும் பேனாவும் கொடுத்து அவர் பக்கத்தில் இருத்துங்கள். ஆயுதங்களின் பெயரிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். மற்றதை அவரே சொல்லுவார்.