இரண்டாம் சனிக்கிழமைப் பூட்டு

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விடுமுறை என்று அடித்துச் சொல்லக்கூடிய சனிக்கிழமை மாதத்தில் ஒன்றுதான். மற்ற சனிக்கிழமைகளில் சிறப்பு வகுப்பு, மழைக்கு விட்ட லீவுக்கு ஈடு என்று ஏதாவது வந்துவிடும். இரண்டாம் சனிக்கிழமையில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அந்த நாளாகப் பார்த்து, புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கும் விடுமுறை.

எல்லா வெள்ளிக்கிழமையும், இரண்டாம் சனிக்கிழமையும், தேசிய விடுமுறை நாட்களும் அங்கே கதவு திறக்காது. குடியரசு தினத்தன்று காலையில் கொடியேற்றி மிட்டாய் வாங்கிய பிள்ளைக்கு அதன்பிறகு நாள் முழுக்க வேலையில்லை. அப்பாவுக்கும் லீவு. நாட்டின் வரலாற்றைக் காட்ட அதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது. அன்றும் பூட்டுதான்.

சாதாரண அருங்காட்சியகமாக இருந்தால் போகட்டும் என்று விடலாம். தொண்டைமான் மன்னர் காலத்தில், 1910-ல் தொடங்கியது இது. தமிழ்நாட்டின் அரசு அருங்காட்சியகங்களில் சென்னை எழும்பூருக்கு அடுத்துப் பெரியது என்று பெயர். செப்புத் திருமேனிகள், கல்வெட்டுகள், ஓவியங்கள், பாடம் செய்த விலங்குகள், சமஸ்தானத்து ஆயுதங்கள் என்று ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. சமஸ்தானம் தனக்கென்று அடித்த அம்மன் காசைப் பிள்ளையிடம் காட்டி, 1948 வரை இது தனி ராஜ்ஜியம் என்று சொன்னால் போதும். அடுத்த கேள்வியை அதுவே கேட்கும்.

ஊழியர்களுக்கு ஓய்வு வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த ஓய்வு பிள்ளைகளின் விடுமுறையிலா வரவேண்டும்? 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை வைத்திருக்கிறார்கள். கீழடி தொல்லியல் துறையைச் சேர்ந்தது, திருக்கோகர்ணம் அருங்காட்சியகங்கள் துறையைச் சேர்ந்தது. துறைதான் வேறு, அரசு ஒன்றுதானே. அலுவலக நாட்காட்டியிலிருந்து இரண்டாம் சனிக்கிழமையை எடுத்துவிட்டு, வார நாள் ஒன்றை ஈடாகக் கொடுக்கலாம். கட்டடமோ டெண்டரோ வேண்டாம், ஓர் ஆணை போதும்.

பூட்டு திறந்தாலும் பிள்ளைகள் ஊருக்கு வந்துசேர வேண்டுமே. முன்பெல்லாம் பிள்ளையோடு புதுக்கோட்டைக்கு வந்துபோவது என்றால் முதல் கவலை பஸ் காசு. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று வந்தது. அடுத்த ஆண்டு, ஐந்து வயது வரை குழந்தைகளுக்கு அரசுப் பேருந்துகளில் டிக்கெட் வேண்டாம் என்று அறிவித்தார்கள். சுற்றுப்பட்டுக் கிராமத்துத் தாய் ஒருத்தி கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று டவுன் பஸ் ஏறுவது இதனால் சுலபமாயிற்று. அரசு செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று. இறங்கிய பிறகுதான் பாடு ஆரம்பிக்கிறது.

“அப்பா, ஒண்ணுக்கு வருது.”

நான்கு வயது மகளோடு வந்த அப்பா அந்த நேரத்தில் எங்கே போவார்? பேருந்து நிலையமானாலும் சந்தைப்பேட்டையானாலும், நம் பொதுக் கழிப்பறைகளுக்கு ஆண்கள், பெண்கள் என்று இரண்டே வாசல். ஒன்றில் அவர் நுழைய முடியாது. இன்னொன்றில், வரிசையாக ஆண்கள் நிற்கும் இடத்தில், மகளைக் கூட்டிப்போக மனசு ஒப்பாது. வாசலில் காசு வாங்க உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம், “அக்கா, பாப்பாவைக் கொஞ்சம் உள்ளே கூட்டிட்டுப் போங்களேன்” என்று கெஞ்ச வேண்டும். முகம் தெரியாதவரோடு போகாதே என்று வீட்டில் சொல்லிக் கொடுத்த அதே அப்பா! அக்கா இல்லையென்றால் நிற்கிற பஸ்ஸின் பின்சக்கர ஓரம்தான். எட்டு வயது மகனோடு வரும் அம்மாவுக்கும் இதே கதை. வயதான தாயைக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரும் மகனின் நிலைமை இன்னும் மோசம். இந்த வசதிக்குறைவை யாரும் புகாராகக் கூடச் சொல்வதில்லை. அடக்கிக்கொள்ளப் பழகிவிட்டோம், பிள்ளைகளையும் பழக்குகிறோம். தண்ணீர் குடிக்காதே, ஊருக்குப் போய்க் குடிக்கலாம் என்று சொல்லி அழைத்துவரும் பெற்றோர் எத்தனை பேர்!

தேவை பெரிதல்ல. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரே ஓர் அறை, பெரியவர் ஒருவரும் குழந்தையும் சேர்ந்து நிற்கும் அளவு. தாழ்வான ஒரு குழாய், உடை மாற்ற ஒரு திண்டு, சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவு. குடும்பக் கழிப்பறை என்று பலகை மாட்டிவிடலாம். விமான நிலையங்களிலும் மால்களிலும் இருப்பதுதான், மினி பஸ்ஸில் வருகிறவருக்கும் வேண்டும். 2015 ஆகஸ்ட்டில் தமிழகம் முழுக்கப் பேருந்து நிலையங்களில் 352 தாய்ப்பால் ஊட்டும் அறைகளை ஒரே நாளில் திறந்து காட்டிய மாநிலம் இது. செய்ய முடியாது என்ற பேச்சுக்கு இடமில்லை. பால்குடி மறந்த பிள்ளைக்கும் அப்பாக்களுக்கும் அந்தக் கணக்கில் இடம் விட்டுப்போயிற்று, அவ்வளவுதான்.

ஊரைத் தாண்டினால் சித்தன்னவாசல், பதினாறு கிலோமீட்டர். அங்கே அறிவர் கோயில் என்ற குகைக்கோயிலின் விதானத்தில் தீட்டிய தாமரைக் குளத்தில் மீனும் வாத்தும் யானையும் எருமையும் இருக்கின்றன. குழந்தைக்குக் காட்டத் தமிழ்நாட்டில் இதைவிடப் பழைய படப்புத்தகம் கிடைப்பது அரிது. பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, பெரியவர்களுக்கு 25 ரூபாய்தான். ஆக, காசு இங்கேயும் தடையில்லை. அன்னவாசல் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கிக் குகைக்கோயில் வரை வெயிலில் நடப்பதும், சமணப் படுக்கைகள் உள்ள ஏழடிப்பட்டத்துக்கு மொட்டைப் பாறையில் ஏறி இறங்குவதும்தான் சின்னக் கால்களுக்குத் தடை. கார் வைத்திருப்பவருக்கு இது தெரியாது.

சித்தன்னவாசல் போன்ற பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது என்கிறது 2010-ல் திருத்திய மத்தியச் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் வேம்பும் புங்கனும் நடுவதற்கு அது குறுக்கே நிற்காது. அந்த எல்லைக்கு வெளியே உரிய அனுமதியோடு நிழற்குடையும் குடிநீர்த் தொட்டியும் வைக்கலாம். சனி, ஞாயிறுகளில் மட்டுமாவது, பேருந்து நிலையத்தில் கிளம்பித் திருக்கோகர்ணம் வழியாகச் சித்தன்னவாசல் வாசல் வரை போய்த் திரும்பும் ஒரு டவுன் பஸ்ஸைப் போக்குவரத்துக் கழகம் விட்டுப் பார்க்கட்டும். நேரத்தை இரண்டு இடத்திலும் எழுதி ஒட்டினால் கூட்டம் தானாக வரும்.

புதுக்கோட்டை 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. சேஷையா சாஸ்திரி சமஸ்தானத்துத் திவானாக இருந்தபோது கோடு போட்டாற்போல ஒழுங்கு செய்த வீதிகள் இங்கே இருக்கின்றன. ராஜவீதிகளின் அகலத்தைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் பொறாமைப்படுவார்கள். அந்த அகலத்தில் குழந்தையின் கையைப் பிடித்து நடக்க மூன்றடி ஓரம் ஒதுக்கச் சொன்னால் மட்டும் இருசக்கர வாகனங்களுக்கு எங்கே இடம் என்று கேட்கிறார்கள். குழந்தைக்கு ஓய்வும் விளையாட்டும் உரிமை என்று சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. டெல்லியில் ஏற்றது கீழராஜவீதிக்கு வந்துசேரவில்லை.

திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். மன்னரின் அரண்மனையாக இருந்த கட்டடம் அது. பட்டாவுக்கும் ஓய்வூதியத்துக்கும் மனுவோடு நிற்கும் பெண்களில் பலர், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் பிள்ளையையும் தூக்கி வந்திருப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அதுதான் நகரத்தைப் பார்க்கும் நாள். வரிசையில் நிற்பவர்கள் சொந்த மனுவோடு இன்னொரு தாளும் கொண்டுபோகலாம். அருங்காட்சியக விடுமுறையை வார நாளுக்கு மாற்ற அரசுக்குப் பரிந்துரை, பேருந்து நிலையத்தில் ஒரு குடும்பக் கழிப்பறை, சித்தன்னவாசலுக்கு வாரக் கடைசிப் பேருந்து. மூன்றே வரிதான். மனுவுக்கு ரசீது வாங்க மறக்க வேண்டாம்.