மலையைச் சாட்சிக்கு இழுப்பவர்கள்: லாரி அடித்தள எஸ்யூவியும் ஏலமலை ஜீப்பும்

கோவையிலோ பாலக்காட்டிலோ லாரி அடித்தளத்தின்மீது கட்டப்பட்ட எஸ்யூவி ஒன்றை வாங்கியவரிடம் அதன் தேவை என்னவென்று கேட்டால், அவர் பெரும்பாலும் தம் தெருவைப் பற்றிப் பேசுவதில்லை. இடுக்கியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார். அங்கே காலங்காலமாக ஜீப்தானே ஓடுகிறது, மலைக்காரர்களுக்குத் தெரியாததா, இந்த நாட்டுச் சாலைகளுக்கு உறுதியான வண்டி வேண்டாமா என்பது அவர் வாதம். ஏலமலை ஜீப்பை இறுதிச் சான்றாக நிறுத்திவிட்டு, அவர் தம் வண்டியில் ஏறிக் காந்திபுரத்திற்குப் புறப்படுகிறார். அந்தச் சான்று உண்மையில் என்ன சொல்கிறது என்று எவரும் விசாரிப்பதில்லை.

லேடர் சேஸி என்பது பெயருக்கேற்ற ஓர் ஏணி. நீளவாக்கில் இரண்டு எஃகுத் தண்டுகள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். எஞ்சினும் அச்சுகளும் இந்த ஏணியில் பொருத்தப்படும். மனிதர் அமரும் கூடு அதன்மேல் ரப்பர் தாங்கிகளில் தனியே ஏற்றி வைக்கப்படும். லாரிக்கும் பிக்கப்புக்கும் இதுவே கட்டமைப்பு. ஒரு சக்கரம் பள்ளத்திலும் மற்றொன்று பாறைமீதும் நிற்கும்போது உண்டாகும் முறுக்கத்தை ஏணி தாங்கிக்கொள்ளும். அடிபட்டால் ஊர்ப் பட்டறையிலேயே வெல்டிங் வைத்து மறுநாள் ஓட்டலாம். இந்த நற்குணங்களுக்கு விலை எடையும் உயரமும். கூடே சட்டகமாக அமையும் மோனோகாக் கட்டமைப்பில் ஒரு ஸ்விஃப்ட் ஏறத்தாழ 900 கிலோ. ஏணியின்மேல் நிற்கும் தார் 1,700 கிலோவை ஒட்டியது. ஃபார்ச்சூனர் 2 டன்னைத் தாண்டியது. ஒற்றை மனிதரை அலுவலகம் சேர்ப்பதற்காக அந்த எடை முழுவதையும் ஒவ்வொரு சிக்னலிலும் நிறுத்தி, மீண்டும் நகர்த்த வேண்டியிருக்கிறது.

பாலக்காட்டு எல்லையில் மலை என்னும் வாதத்திற்கே இடமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை விலகி வழிவிட்ட பெருங்கணவாய் அது. வாளையாறு கடந்து திருச்சூர் நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 544இல் பெயர்பெற்ற இடராக இருந்தது குதிரான் ஏற்றம் ஒன்றே. அதன் வயிற்றிலும் 2021இல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டுவிட்டது. நெல்லியாம்பதிக்கு அரசுப் பேருந்தே ஏறுகிறது. அதற்கப்பால் மாம்பாறைபோன்ற ஓரிரு இடங்களுக்குத்தான் ஜீப் வேண்டும்; அதுவும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கிறது.

மலைக்காகவே இவ்வண்டிகள் வாங்கப்படுகின்றன என்பதைச் சந்தையே மறுத்துவிட்டது. 2023 ஜனவரியில் தார் வண்டியின் பின்சக்கர இயக்க வகை வெளிவந்தது. அதில் நான்கு சக்கர இயக்கம் கிடையாது. 4 மீட்டருக்கு உட்பட்ட நீளமும் 1.5 லிட்டர் டீசல் எஞ்சினும் வரியைக் குறைக்க, தொடக்க விலை 10 லட்சத்திற்குக் கீழே இறங்கியது. சேற்றில் சிக்கினால் வண்டியை மீட்கும் பொறியமைப்பைக் கழற்றிவிட்டு, ஏணியையும் எடையையும் உயரத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளும் இவ்வண்டியை மலையின் வண்டி என்று எப்படி அழைப்பது? மலையின் தோற்றம் விற்கப்படுகிறது, அவ்வளவே. சாலைப் பள்ளங்களுக்கு அஞ்சுபவர்க்குத் தரை இடைவெளி போதும் என்றால், 200 மில்லிமீட்டரைத் தாண்டிய இடைவெளியோடு டஸ்டரும் நெக்ஸானும் மோனோகாக் கட்டமைப்பிலேயே வந்தன.

இனி அந்தச் சாட்சியை அதன் இடத்திலேயே சென்று விசாரிக்கலாம். தேனி மாவட்டத்தின் போடி, தேவாரம், கம்பம், கூடலூர் பகுதிகளிலிருந்து விடியுமுன்பே ஜீப்புகள் புறப்படுகின்றன. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய வழிகளில் எல்லை கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு ஏலத்தோட்டங்களுக்கு ஆள் கொண்டுசேர்க்கின்றன. ஏறுவோரில் பெரும்பாலோர் பெண்கள். களையெடுப்புக்கும் காய் எடுப்புக்கும் அன்றாடம் மலையேறி, அந்தியில் இறங்குபவர்கள். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் எவர்க்கு என்று அத்தனை வாதம் நடந்தது. கோடு விழுந்த பின்னும் கூலி வேலை அக்கோட்டைக் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் கடந்துகொண்டே இருக்கிறது.

இங்கே ஜீப்புக்கு உண்மையான வேலை உண்டு. தார்ச்சாலை முடிந்து தோட்டத்துப் பாதை தொடங்கும் இடத்தில் மழைநீர் அரித்த கல்லும் வழுக்கும் செம்மண்ணும் காத்திருக்கின்றன. முதல் கியரில், நடைவேகத்தில், எடையோடு ஏறவேண்டிய சில கிலோமீட்டர்கள் அவை. ஏணிச் சட்டகம் அந்தச் சில கிலோமீட்டர்களுக்கானது. இதே மலையில் வாழும் குடும்பங்கள் கடைக்கும் பள்ளிக்கும் ஆல்டோவிலும் இருசக்கர வண்டியிலும் ஆட்டோவிலும் பேருந்திலுமே போய்வருகின்றன. கட்டப்பனையிலும் நெடுங்கண்டத்திலும் கடைவீதியில் நிற்கும் சிறு கார்களைப் பார்த்தவர்க்கு இது புதிதன்று. மலைக்காரர் ஜீப்பை மண்வெட்டிபோல் வைத்திருக்கிறார். வேலை இருக்கும்போது எடுப்பார்.

ஜீப்பை நாள்தோறும் விலக்கவியலாத ஊர்தியாகக் கொண்டவர்கள் தோட்டத்துப் பெண்கள்தாம். அவர்களுக்கு அது எத்தகைய ஊர்தி? பழைய ஜீப்புகளின் பின்புறத்தில் எதிரெதிராக இரண்டு பக்கவாட்டு இருக்கைகள். சீட் பெல்ட் கிடையாது. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏறுவது வழக்கமாகிவிட்டது. சுமைக்காகப் பிறந்த சட்டகத்தில் மனிதரைச் சுமையாகவே ஏற்றினால், உயரமான ஈர்ப்பு மையம் கொண்டை ஊசி வளைவில் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். 2023 ஆகஸ்ட் 25 அன்று வயநாட்டின் மானந்தவாடி அருகே கண்ணோத்துமலையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிவந்த ஜீப் பள்ளத்தில் கவிழ்ந்து 9 பெண்கள் இறந்தனர். லாரி அடித்தள வாகனம் அன்றாட ஊர்தியாக இருப்பதன் முழு விலையைச் செலுத்துவோர் இவர்கள். இவர்களுடைய கதியற்ற நிலையை எடுத்துக்கொண்டு, 20 லட்சம் ரூபாய் வண்டிக்கு நியாயம் தேடுவது சிறுமை.

கொழுக்குமலை இதைவிட விசித்திரமானது. தேயிலைத் தோட்டம் தமிழ்நாட்டில். ஜீப் பாதையோ கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து. சூரியோதயம் காண வருவோர் குலுங்கிக் குலுங்கி ஏறி, அந்தக் குலுக்கலைச் சாகசமாகப் படம்பிடித்து வெளியிடுகின்றனர். அதே குலுக்கலில் ஆண்டுக்குப் பல மாதங்கள் பயணம் செய்யும் இடுப்பு வலிக்கு எவரும் படம் எடுப்பதில்லை.

எதிர்வாதங்களில் வலுவானது இன்னோவா. 2005இல் வந்த முதல் இன்னோவாவும் 2016இல் வந்த கிரிஸ்டாவும் ஏணிச் சட்டகத்தின்மேல் நின்றவையே. ஹைலக்ஸ் பிக்கப்பின் நெருங்கிய உறவு. மூணாற்று வாடகை ஓட்டுநர்கள் அதைக் கொண்டாடுவதில் பிழையில்லை. ஏழு பேரும் மூட்டை முடிச்சுகளும் ஏறி, நாள் முழுதும் மலைச்சாலையில் ஓடும் வண்டி அது. எடை பின்சக்கரத்தின்மேல் இறங்க இறங்கப் பிடிப்பு கூடும். ஆனால் டொயோட்டாவே 2022 நவம்பரில் ஹைகிராஸை மோனோகாக் கட்டமைப்பில், முன்சக்கர இயக்கத்தில் கொண்டுவந்தது. உழைக்கும் வண்டி வேண்டுவோர்க்குக் கிரிஸ்டாவையும் உடன் வைத்துக்கொண்டது. குடும்பத்திற்கு ஒன்று, சுமைக்கு ஒன்று எனத் தயாரிப்பாளரே பிரித்துவிட்ட பிறகு வாங்குபவர் பிடிவாதம் எதற்கு? டாடா சஃபாரியும் 1998இல் லாரிக் குடும்பத்தில் பிறந்து 2021இல் மோனோகாக்குக்கு மாறியது. அமெரிக்காவில் 1990இல் ரேஞ்சர் பிக்கப்பின் அடித்தளத்தில் வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர், ஃபயர்ஸ்டோன் டயர் பிளந்து கவிழ்ந்த விபத்துகளில் 200க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபின், 2011 மாடலில் ஏணியைக் கைவிட்டது. டயரின் குற்றமா வண்டியின் குற்றமா என்று இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டிருந்தன. உயரமான வண்டி கவிழ எளிது என்பது மட்டும் வழக்கில் இல்லாமலேயே தெளிவாயிற்று.

இன்றைய ஏணி வண்டிகள் பாதுகாப்பானவை என்னும் பதிலும் முழுப்பொய் அன்று. குளோபல் என்கேப் சோதனையில் 2016இல் பழைய ஸ்கார்ப்பியோ பூச்சியம் நட்சத்திரம் பெற்றது. 2020இல் தார் 4, 2022இல் ஸ்கார்ப்பியோ என் 5. இந்த நட்சத்திரங்கள் உள்ளே அமர்ந்திருப்பவர்க்கானவை. வெளியே நடப்பவரின் கணக்கு வேறு. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 40 அங்குலத்திற்கு மேல் உயர்ந்த முன்முகப்புடைய வண்டி மோதினால், தாழ்ந்து சரிந்த முகப்புடைய கார் மோதுவதைவிடப் பாதசாரி இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு அதிகம். கேரளத்துச் சாலைகளில் நடைபாதை அரிது, வீட்டு வாசல் நேரே தாரில் இறங்குகிறது, பள்ளிக்குழந்தைகள் வெள்ளைக்கோட்டை ஒட்டி நடக்கிறார்கள். காந்திபுரத்திலும் நிலைமை மேலன்று.

2018 வெள்ளத்தை நினைவூட்டுவோரும் உண்டு. கார்கள் மிதந்தபோது உயர்ந்த வண்டிகள் ஆட்களை மீட்டன, மறுப்பதற்கில்லை. 2010இல் தனி ஊராட்சியான இடமலைக்குடிக்குப் பெட்டிமுடியிலிருந்து போகும் காட்டுப்பாதையில் ஜீப்பே உயிர்நாடி. அதுவும் போகாத குடிகளிலிருந்து நோயாளிகளைக் கம்பில் கட்டித் தூக்கிவந்தனர். இவ்விடங்களுக்கு ஜீப் வேண்டும், நல்ல ஜீப் வேண்டும். ஆம்புலன்ஸ் தேவை என்பதற்காக வீட்டுக்கொரு ஆம்புலன்ஸ் வாங்குவதில்லை.

மலைப்பாதையின் உறுதியில் இத்தனை அக்கறை கொண்டோர் கேட்க வேண்டியவை வேறு உள்ளன. தேனியும் இடுக்கியும் ஒன்றுகூடித் தோட்ட வேலை நேரத்திற்கேற்ற பேருந்துகளை மெட்டுகளின் வழியே விட முடியும்; மூணாறு–போடிமெட்டுச் சாலை அகலமாகிவிட்டது. ஜீப் பேருந்து நிறுத்தத்திலிருந்து தோட்டம்வரை மட்டும் ஓடலாம். முன்னோக்கிய இருக்கையோடும் பெல்ட்டோடும். கூடுதல் ஆள் ஏற்றியதற்கான அபராதம் இப்போது ஓட்டுநரோடு நின்றுவிடுகிறது. ஆள் கேட்ட தோட்டத்தாரிடமும் ஆள் அனுப்பிய இடைத்தரகரிடமும் அதை வசூலிக்கத் தொடங்கினால், அடுத்த காய் எடுப்புப் பருவத்திலேயே ஒரு ஜீப்புக்குரிய ஆட்கள் இரண்டு ஜீப்பில் வருவார்கள்.