பேரனுக்குக் கூடம், மருமகளுக்குத் திண்ணை

ஸ்ரீபெரும்புதூர் உடையவர் அவதரித்த ஊர். அவர் மனைவியைப் பிறந்தகத்துக்கு அனுப்பிவிட்டுக் காஷாயம் உடுத்த கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். சரியோ, தவறோ, அது அவருடைய சொந்தத் தீர்மானம். எந்தச் சர்க்காரும் அவரைத் துறவியாகும்படி வற்புறுத்தவில்லை. இன்று அந்த ஊரிலிருந்து ஒரகடம் வரை தொழிற்சாலைகள் எழும்பி நிற்கின்றன. கடல் கடந்து வாழும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் அங்கே உத்தியோகம் பார்க்க வருகிறார்கள். அவர்களிடம் நமது சட்டம், "நீ எங்கள் ரத்தம், கூடத்துக்கு வா. உன் மனைவி திண்ணையில் இருக்கட்டும்" என்கிறது. துறவை விரும்பாதவன் குடும்பத்தின் மீது அரைத் துறவைச் சுமத்துவது என்ன நியாயம்?

நான் கற்பனை செய்து எழுதுவதாக நினைக்க வேண்டாம். கதை எழுதுகிறவனுக்குக்கூட இந்தக் கற்பனை தோன்றாது.

என் பால்ய சிநேகிதர் ஒருவரின் அண்ணன் 1951-ல் கும்பகோணத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல் ஏறினார். ஜவுளிக்கடைக் கணக்கப்பிள்ளையாகப் போனவர், அங்கேயே வேரூன்றிவிட்டார். அவருடைய பேரன் இப்போது ஒரகடத்தில் என்ஜினீயர். படப்பையில் வாடகைக்கு வீடு. சென்ற தை மாதம் அங்கே போயிருந்தேன். கதவைத் திறந்தவள் ஈப்போ நகரத்துச் சீனப் பெண். "வாங்க தாத்தா" என்று அவள் சொன்ன தமிழில் கொஞ்சம் மழலை இருந்தது, மரியாதையில் குறைவேயில்லை. மூன்று மாதக் குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது.

காப்பியைக் கொடுத்துவிட்டு அவள் சொன்னாள்: "நான் அக்கவுண்டன்ட் தாத்தா. எட்டு வருஷம் வேலை பார்த்தேன். இங்கே கத்தரிக்காய்க் கணக்குத்தான் எழுதுறேன்."

பிறகுதான் விஷயம் புரிந்தது. அவள் கணவனிடம் ஓ.சி.ஐ. அட்டை இருக்கிறது. 2005-ல் பிறந்த திட்டம் அது. 1950-ல் அரசியல் சட்டம் அமலுக்கு வந்தபோதோ, அதற்குப் பிறகோ இந்தியப் பிரஜையாக இருந்தவரின் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் வரைக்கும் அது கிடைக்கும். ஓட்டுப் போட முடியாது. விவசாய நிலம் வாங்க முடியாது. மற்றபடி ஆயுள் முழுவதும் வரலாம், போகலாம், வேலை பார்க்கலாம். ‘ஓசி அட்டை’ என்று அவனே வேடிக்கையாகச் சொன்னான். குழந்தைக்கும் தகப்பன் வழியில் அந்த அட்டைக்கு உரிமை உண்டு.

அவளுக்கு? கல்யாணம் பதிவாகி இரண்டு வருஷம் முழுதாக நிறைய வேண்டும். அதற்குப் பிறகுதான் விண்ணப்பிக்கவே முடியும். அவர்களுக்குப் பதிவாகிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அதுவரை குடும்பத்தாருக்கான நுழைவு விசாவில் இருக்கலாம். சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. நீண்ட நாள் தங்குவதானால் அந்நியர் என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒரே கூரையின் கீழ் மூன்று ஜீவன்கள். தூளியில் கிடப்பதற்கு இந்த நாட்டில் உரிமை உண்டு. தூளியை ஆட்டுகிறவள் மட்டும் அந்நியர்!

இதைச் சொன்ன அலுவலரிடம் எனக்குக் கோபமில்லை. அவர் சட்டத்தில் இருப்பதைச் சொன்னார். என் வழக்கு சட்டத்தோடுதான்.

உடனே ஒரு புத்திசாலி எழுந்து, "போலிக் கல்யாணங்களைத் தடுக்க வேண்டாமா?" என்று கேட்பார். தடுக்கத்தான் வேண்டும். அதற்குத்தான் மனைவியின் பூர்வோத்தரத்தையெல்லாம் பாதுகாப்புத் துறையினர் முன்கூட்டியே விசாரித்து அனுமதி தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்லுகிறதே! விசாரணையும் உண்டு, காத்திருப்பும் உண்டு என்றால், சந்தேகம் போலியின் மேல் அல்ல. மனைவி என்ற உறவின் மேலேயே.

இதை நான் வீம்புக்காகச் சொல்லவில்லை. குடியுரிமைச் சட்டத்தின் 7டி பிரிவைப் பாருங்கள். மனைவி என்ற முறையிலோ கணவன் என்ற முறையிலோ அட்டை பெற்றவரின் கல்யாணம் ரத்தானால், அட்டையையும் சர்க்கார் ரத்துச் செய்யலாம். இரண்டு வருஷம் காக்க வைப்பது போலியைத் தடுக்க என்றே வைத்துக்கொள்வோம். இருபது வருஷம் குடித்தனம் நடத்தி, இரண்டு பிள்ளைகளை இங்கே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவளிடமிருந்து அட்டையைப் பறிப்பது எதைத் தடுக்க? இருபது வருஷமாக யாராவது போலியாகச் சமைத்துப் போடுவார்களா?

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். அடிக்கிற கணவனிடம் அகப்பட்ட ஒரு பெண், கோர்ட்டுப் படி ஏறுமுன் ஒன்றுக்குப் பத்துத் தடவை யோசிப்பாள். விவாகரத்து வாங்கினால் புருஷன் மட்டுமா போவான்? அவள் வசிக்கும் ஊரும், பார்க்கும் வேலையும், சில சமயம் பெற்ற பிள்ளைகளின் அண்மையும் போகலாம். தாலிக் கயிற்றில் அட்டையைக் கோத்துக் கட்டியிருக்கிறார்கள். கயிற்றின் மறு நுனி கணவன் கையில். விதி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுதான். ஆனால் வேலை பார்க்க அனுமதியில்லாமல் வீட்டில் அடைபட்டவருடைய கழுத்தைத்தான் அது அதிகம் இறுக்கும்.

மற்ற தேசங்கள் என்ன செய்கின்றன? இங்கிலாந்தில் வம்சாவளி விசா ஒன்று உண்டு. காமன்வெல்த் நாட்டுப் பிரஜை ஒருவரின் பாட்டனோ பாட்டியோ அங்கே பிறந்திருந்தால் ஐந்து வருஷம் போய் வேலை பார்க்கலாம். வெள்ளைக்காரக் குடியேறிகளின் பேரப்பிள்ளைகளுக்கென்றே செய்த சலுகை என்று அதைக் குறை சொல்லுவோர் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் மனைவியும் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் கூடவே வரலாம். மனைவி வேலையும் பார்க்கலாம். ஜப்பானோ நேர் எதிர்த் திசையில் போயிற்று. பிரேஸில் முதலிய தேசங்களில் வாழும் ஜப்பானிய வம்சத்தாரின் நான்காம் தலைமுறைக்கு 2018-ல் ஒரு விசா தந்தது. குடும்பத்தை அழைத்து வரக் கூடாது என்று நிபந்தனையும் போட்டது. நாம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறோம். கதவைச் சாத்தவுமில்லை, திறக்கவுமில்லை.

காகிதத்தை வைத்துக் குடும்பத்தைப் பிரிப்பது என்னவென்று தமிழனுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1964 அக்டோபர் 30-ம் தேதி சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள். இலங்கையின் இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்டு மந்தையைப் பங்கு போடுவதுபோலப் போட்டார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். தாய் தகப்பன் ஒரு தேசத்துப் பிரஜை, கல்யாணமான பிள்ளை மறு தேசத்துப் பிரஜை என்று ஆன குடும்பங்கள் உண்டு. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேசுவரத்தில் இறங்கியவர்களைக் கேட்டிருந்தால், வம்சாவளி என்ற சொல்லுக்குள் எவ்வளவு கண்ணீர் இருக்கிறது என்று சொல்லியிருப்பார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகும் நமது சட்டம் ரத்தத்தை எண்ணுகிறதே தவிர, உறவை எண்ணக் கற்றுக்கொள்ளவில்லை.

ஒரகடம் பக்கம் இந்த மனோபாவம் விசாவோடு நிற்கவில்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்களுக்கு விடுதிக் கட்டடங்கள் திறந்தார்கள். ரூ. 706.50 கோடிச் செலவு. நல்ல காரியம்தான், பெண்களுக்குப் பத்திரமான இடம் வேண்டும். ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்னால், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலை ஒன்றில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. மத்திய சர்க்காரும் அறிக்கை கேட்டது. செய்யாற்றிலிருந்து வருகிற பெண்ணானாலும் சரி, ஈப்போவிலிருந்து வருகிற பெண்ணானாலும் சரி, அவர்கள் சந்திக்கும் நோக்கு ஒன்றே: கை மட்டும் வரட்டும், குடும்பம் பின்னால் வரட்டும், அல்லது வராமலே இருக்கட்டும். கையை மட்டும் கழற்றி அனுப்ப மனிதன் என்ன இயந்திரமா?

நான் கேட்பது இரண்டே. வம்சாவளியின் பேரில் ஒருவரை அழைத்தால், விசாரணை முடிந்த நாளிலிருந்து அவர் மனைவிக்கோ கணவனுக்கோ வேலை பார்க்கும் உரிமையைக் கொடுங்கள். ஐந்து வருஷம் இங்கே குடித்தனம் நடத்திய பிறகு, அந்த அட்டை அவரவர் சொந்தச் சொத்தாகட்டும். கல்யாணம் முறிந்தாலும் அட்டை முறிய வேண்டாம்.

இவை பெரிய புரட்சி அல்ல. வந்த மருமகளைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, பேரனையும் கைக்குழந்தையையும் மட்டும் உள்ளே கூப்பிட்டு இலை போடும் வீட்டைப் பற்றி நம் ஊரில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதைச் சர்க்காரின் காதில் விழும்படி கொஞ்சம் உரக்கப் பேசுங்கள்.