என் காசுக்கு உன் பூட்டா?

போன வாரம் வகுப்பில் ஒரு சின்ன சண்டை. அரசு கொடுக்கும் உதவித்தொகை பற்றிப் பேச்சு வந்தது. நண்பன் ஒருவன் எழுந்து, "காசா குடுக்கவே கூடாதுடா. ஒரு கார்டு குடுக்கணும். அரிசி, பருப்பு, ஸ்கூல் ஃபீஸ், இதுக்கு மட்டும்தான் தேய்க்க முடியணும். டாஸ்மாக்ல தேய்ச்சா வேலை செய்யக் கூடாது. அதான் டெக்னாலஜி இருக்கே!" என்றான். பாதி வகுப்பு கை தட்டியது. நான் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது. சொல்ல நினைத்ததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு சொந்தக் கதை. என்னிடம் ஹாஸ்டல் மெஸ் கார்டு இருக்கிறது. அப்பா மாதாமாதம் அதில் பணம் போடுவார். மெஸ்ஸிலும் கேன்டீனிலும் தவிர வேறெங்கும் செல்லாது. போன செமஸ்டரில் ஒரு ராத்திரி எனக்கு நல்ல காய்ச்சல். மாசக் கடைசி, பேங்க் அக்கவுண்டில் ஒன்றுமில்லை. மெஸ் கார்டில் 640 ரூபாய் இருந்தது. மெடிக்கல் ஷாப்பில் அதைக் காட்டி என்ன பிரயோஜனம்? வாட்ச்மேன் அண்ணன் 50 ரூபாய் கொடுத்துத்தான் மாத்திரை வாங்கினேன்.

அன்றைக்கு என்னிடம் பணம் இருந்ததா, இல்லையா? இருந்தது. ஆனால் அது எதற்குப் பணம், எதற்குப் பணம் இல்லை என்பதை வேறு யாரோ முன்கூட்டியே தீர்மானித்திருந்தார்கள். எனக்கு இது ஒரு ராத்திரி அவஸ்தை. இதையே வருஷக்கணக்கில் அனுபவித்தவர்கள் இருக்கிறார்கள். நண்பன் கேட்ட கார்டை ஒரு நாடு ஏற்கனவே அடித்துக் கொடுத்துப் பார்த்துவிட்டது. ஆஸ்திரேலியா.

2007. பிரதமர் ஜான் ஹோவார்ட். நார்தர்ன் டெரிட்டரி என்கிற வடக்குப் பகுதியில் பூர்வகுடிக் குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளாகிறார்கள் என்று ஒரு விசாரணை அறிக்கை வந்தது. பயங்கரமான விஷயம்தான், மறுக்கவில்லை. அரசு என்ன செய்தது? ராணுவத்தை அனுப்பியது. கூடவே 73 பூர்வகுடிக் குடியிருப்புகளில் உதவித்தொகை வாங்கும் எல்லோருடைய பணத்திலும் பாதியைப் பூட்டியது. அந்தப் பாதியை உணவு, உடை, வாடகை மாதிரி அரசு ஒப்புக்கொண்ட செலவுகளுக்கு மட்டும்தான் பயன்படுத்தலாம். 2008-ல் அதற்கென்றே 'பேசிக்ஸ் கார்டு' வந்தது.

கவனியுங்கள், "எல்லோருடைய" பணத்திலும். குடிப்பவர், குடிக்காதவர், குழந்தை இருப்பவர், இல்லாதவர் என்று யாரையும் பிரித்துப் பார்க்கவில்லை. அந்த ஊரில் இருந்தாலே குற்றவாளி. இன்னொரு கூத்தும் உண்டு. ஒரு இனத்தை மட்டும் குறிவைப்பது அவர்கள் நாட்டின் 1975-ம் ஆண்டு இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டத்தோடு மோதும். அதற்காகத் திட்டத்தைக் கைவிட்டார்களா? இல்லை, அந்தச் சட்டத்தையே இந்த நடவடிக்கைகளுக்குப் பொருந்தாமல் நிறுத்தி வைத்தார்கள்!

அடுத்த கட்டம் இன்னும் நவீனம். 2014-ல் அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் ஒருவர் அறிக்கை கொடுத்தார். உதவித்தொகையை ரொக்கமாக எடுக்க முடியாத கார்டாகக் கொடுக்கலாம் என்பது அதில் ஒரு பரிந்துரை. எழுதியவர் இரும்புத்தாதுச் சுரங்கத்தில் சம்பாதித்த கோடீஸ்வரர் ஆண்ட்ரூ ஃபாரஸ்ட். ஏழைகள் எப்படிச் செலவு செய்யவேண்டும் என்று சொல்ல நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். நல்ல தேர்வு :-)

2016-ல் தெற்கு ஆஸ்திரேலியாவின் செடூனாவிலும், மேற்கில் கிழக்கு கிம்பர்லியிலும் 'கேஷ்லெஸ் டெபிட் கார்டு' சோதனை தொடங்கியது. உதவித்தொகையில் 80 சதவீதம் கார்டில், 20 சதவீதம் மட்டும் சாதாரண வங்கிக் கணக்கில். கார்டை நடத்தியது இன்டியூ என்ற தனியார் நிறுவனம். மதுவுக்கும் சூதாட்டத்துக்கும் செல்லாது, ஏடிஎம்மில் பணம் எடுக்க முடியாது. அந்த இரண்டு இடங்களிலும் கார்டு வாங்கியவர்களில் பெரும்பான்மை பூர்வகுடிகள். நாட்டு மக்கள்தொகையில் அவர்கள் நூற்றுக்கு நாலு பேர் கூட இல்லை.

ரொக்கம் இல்லையென்றால் என்ன ஆகும்? வசதி இருப்பவனுக்கு ஒன்றும் ஆகாது. ஏழையின் பொருளாதாரமே சில்லறையில்தான் ஓடுகிறது. பழைய சைக்கிளைப் பக்கத்து வீட்டில் வாங்குவது, வாரச் சந்தையில் காய் வாங்குவது, பிள்ளைக்குக் கையில் பத்து ரூபாய் கொடுத்தனுப்புவது, கஷ்டப்படும் சொந்தக்காரருக்குக் கொஞ்சம் கொடுப்பது. ஒருத்தர் மலிவாக வாழக் கண்டுபிடித்த வழிகள் எல்லாம் கார்டு மெஷின் இல்லாத இடங்கள். அவற்றை அடைத்துவிட்டு "சிக்கனமாக இரு" என்று பாடம் எடுப்பது எந்த ஊர் நியாயம்?

"சரிப்பா, கொஞ்சம் அவமானம். ஆனா குடி குறைஞ்சுதா இல்லையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதிலும் அந்த நாட்டு ஆவணங்களிலேயே இருக்கிறது.

நார்தர்ன் டெரிட்டரியின் 10 கடைகளின் விற்பனைக் கணக்கை ஆராய்ந்து 2010-ல் ஒரு மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. பணத்தைப் பூட்டியதால் சிகரெட்டும் குளிர்பானமும் குறையவில்லை, காய்கறி பழம் கூடவும் இல்லை. 2014-ல் அரசே ஏற்பாடு செய்த மதிப்பீடு, இந்தத் திட்டம் பலரை அரசை மேலும் சார்ந்திருக்க வைத்துவிட்டது என்றது. 2018-ல் தேசிய தணிக்கை அலுவலகம் கேஷ்லெஸ் கார்டு சோதனையைப் பார்த்துவிட்டு, சமூகத் தீங்கு குறைந்ததா என்று முடிவு செய்வதே கடினம் என்றது. 2022-லும் அதே அலுவலகம், நோக்கம் நிறைவேறுவதைத் துறை நிரூபிக்கவில்லை என்று எழுதியது. ஆறு வருஷ சோதனையில் பாஸா ஃபெயிலா என்றே சொல்ல முடியவில்லை. நாம் இப்படி ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுத்தால் ஹெச்ஓடி கிழித்துப் போட்டுவிடுவார்!

எனக்கு மறக்க முடியாதது வேறொன்று. 2007 திட்டம் ஒவ்வொரு ஊராக வந்த சமயத்தில் வயிற்றில் இருந்த குழந்தைகளைப் பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். பிறந்தபோது அவர்களுடைய சராசரி எடை குறைந்திருந்தது. குழந்தைகளைக் காப்பாற்றத்தானே இந்தப் பூட்டு?

எதிர்த்தரப்பையும் சொல்லவேண்டும். இந்தக் கார்டை விரும்பி ஆதரித்த பூர்வகுடித் தலைவர்கள் இருந்தார்கள். குடிகாரக் கணவனிடமிருந்து தப்ப ஒரு பெண் தானே முன்வந்து "என் பணத்தைப் பூட்டி வையுங்கள்" என்றால் தாராளமாகப் பூட்டுங்கள். அது அவள் முடிவு. கேட்காதவன் பணத்தைப் பூட்டுவது அப்படியல்ல. போதை நோய் என்றால் மருத்துவம் கொடுங்கள், மறுவாழ்வு மையம் திறங்கள். அதற்குச் செலவாகும், ஆள் வேண்டும், பொறுமை வேண்டும். கார்டு சுலபம்.

2022-ல் ஆட்சி மாறியது, சட்டம் திருத்தப்பட்டது, 2023 மார்ச்சில் கேஷ்லெஸ் கார்டு முடிவுக்கு வந்தது. ஆனால் பூட்டு முழுசாகப் போகவில்லை. நார்தர்ன் டெரிட்டரியில் 'ஸ்மார்ட்கார்டு' என்று புதுப்பெயரில் வந்தது. அதிகாரம் கைக்கு வந்தால் கீழே வைக்க மனசு வராது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஆஸ்திரேலியா கதை நமக்கெதற்கு? 2021 ஆகஸ்ட் 2-ல் நம் பிரதமர் தொடங்கிவைத்த இ-ருபி, குறிப்பிட்ட ஒரு செலவுக்கு மட்டுமே செல்லும் மின்னணு வவுச்சர். 2022 டிசம்பரில் ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் ரூபாய் பொதுமக்களுக்கு சோதனையாக வந்தது. 2024 பிப்ரவரியில் அந்த ரூபாயை எதற்குச் செலவிடலாம் என்று முன்கூட்டியே நிர்ணயிக்கும் வசதி வரும் என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. அரசு தரும் பயன்களுக்கு உதவும் என்றும் சொன்னது. தடுப்பூசிக்கு ஒரு வவுச்சர் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு குடும்பத்தின் மாதச் செலவுக்கே அந்தப் பூட்டு வரும்போதுதான் பிரச்சினை. கருவி தயாராகிறது. அதை யார் மேல் பிரயோகிப்பது என்பதை நாம் கை தட்டித் தீர்மானிக்கிறோம்.

டாஸ்மாக் விஷயத்துக்கும் வருகிறேன். 2003-லிருந்து இங்கே சாராயத்தைச் சில்லறையில் விற்பதே அரசாங்கம்தான். கடையைத் திறந்து வைத்த கையாலேயே ஏழையின் கார்டில் "இங்கே செல்லாது" என்று எழுதுமாம்! 2023 செப்டம்பரில் தொடங்கிய 1000 ரூபாய் திட்டத்துக்கு நம் மாநிலத்தில் 'மகளிர் உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தார்கள். அதில் எனக்குப் பிடித்த வார்த்தை 'உரிமை'. உரிமை என்றால் கணக்கு கேட்கக் கூடாது.

தொழிற்சாலைக்கு வரிச்சலுகை கொடுக்கும்போது முதலாளி அதில் குடிக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை. உர மானியம் வாங்கும் கம்பெனி நிர்வாகிக்கு மெஸ் கார்டு கொடுப்பதில்லை. ஏழைக்குக் கொடுக்கும்போது மட்டும் நமக்கு எங்கிருந்தோ ஒழுக்கம் பொங்குகிறது.

வாட்ச்மேன் அண்ணன் அந்த 50 ரூபாயைக் கொடுக்கும்போது "எதுக்கு?" என்று கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தார், கொடுத்தார். சம்பளம் வந்ததும் திருப்பிக் கொடுக்க நான் போனபோது, "சாப்டியா?" என்றுதான் கேட்டார்.

நண்பா, அடுத்த வகுப்பில் பதில் சொல். மணி அடிக்கும் முன்னாடி.