சாமை சொல்லும் தொழிற்பாடம்

தொழில் தொடங்கலாமே என்றால், “முதலுக்கு எங்கே போவது?” என்று கேட்டுவிட்டு அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கின்றனர் நம் மாணவர் பலர். குண்டூர் நாடு உள்ளிட்ட கொல்லிமலை நாடுகளில் சாமை குறைந்து மரவள்ளி பெருகியது. விலை ஒரு காரணம். உரலில் குற்றி உமி நீக்கும் பெண்களின் பாடு மற்றொன்று. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையால் அரைவைப் பொறிகள் மலையேறின. மகளிர் குழுக்கள் சாமை அரிசியையும் மாவையும் பொட்டலமிட்டு விற்கலாயின. 2023-ஐ ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடுமுன்பே நடந்தது இது. ஆகவே, முதலுக்கு முன்னே வேண்டப்படுவது பிறர் படும் பாட்டைக் காணும் கண் என்பேன். வகுப்பறையில் திட்ட அறிக்கை எழுதக் கற்பிக்கிறோம். உரலருகே எவரையும் அனுப்பியதில்லை. இறுதியாண்டு மாணவரை ஒரு வாரம் அம்மலையில் தங்கவைத்தால் என்ன?